பிள்ளை முகம் பேஸ்டலில்: குழந்தைப் பருவத்தையும் விடலைப் பருவத்தையும் வரைய ஒரு முழுமையான வழிகாட்டி

அண்ணன் மகளுக்கு ஆறு வயது நடந்தபோது அவளைப் பேஸ்டலில் வரைந்தேன். நான்கு மாலை உட்கார்ந்து செய்த வேலை. மூக்கு சரி, வாய் சரி, இரட்டைச் சடையின் ரிப்பன்கூடச் சரி. முடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் காட்டினேன். தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் பார்த்தாள். "சித்தப்பா, இது அம்மா தானே?" என்றாள். அண்ணி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று இரவு ஸ்கேலை எடுத்துக்கொண்டு புகைப்படத்தையும் படத்தையும் மாறி மாறி அளந்தேன். உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் சரிபாதியில் கண்களை வைத்திருக்கிறேன். பெரியவர்களையே வரைந்து பழகிய கை, தன் போக்கில் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டது. புகைப்படத்தில் கண்கள் பாதிக்கும் கீழே, சுண்டுவிரல் அகலம் இறங்கி இருந்தன. அந்தச் சுண்டுவிரல் அகலத்தில் அவளுக்கு இருபது வயது கூடிவிட்டது.

சாயல் பிடிப்பது ஒரு வேலை, வயதைப் பிடிப்பது வேறு வேலை. முதலாவது கைகூடி இரண்டாவது தவறினால் பிள்ளையின் படத்தில் தாயோ மாமாவோ வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டாவது வேலைக்காக.

கடையில் என்ன கேட்பது

நம் ஊர்க் கடைகளில் வெறுமனே பேஸ்டல் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆயில் பேஸ்டலைத்தான் எடுத்துப் போடுவார்கள். அதில் எண்ணெயும் மெழுகும் உண்டு. வழவழவென்று ஒட்டும், தூளாகாது. நமக்கு வேண்டியது சாஃப்ட் பேஸ்டல். நிறமித் தூளும் சுண்ணத் தூளும் சேர்த்து, உதிராமல் இருக்கும் அளவுக்கு மட்டும் பிசின் விட்டு உருட்டிய கட்டி அது.

பெரிய பெட்டி வாங்கி ஏமாறாதீர்கள். 72 நிறப் பெட்டியில் முகத்துக்கு உதவுவது பதினைந்து தேறினால் அதிகம். தொடங்குபவருக்கு முங்யோ போன்ற விலை குறைந்த பெட்டி ஒன்று, நான்கைந்து பேஸ்டல் பென்சில்கள், சற்றுக் கெட்டியான கான்டே சதுரக் கட்டிகள் சில போதும். கை பழகிய பிறகு ரெம்ப்ராண்ட், சென்னலியர் கட்டிகளைத் தனித்தனியாக வாங்கிச் சேர்க்கலாம். சென்னலியர் வெண்ணெய் போல இழையும். அதைக் கடைசிப் பூச்சுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கான்சன் நிறுவனத்தின் மி-தாந்த் தாள் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) பரவலாகப் பழக்கத்தில் உள்ளது. அதன் ஒரு பக்கம் தேன்கூடு போல் குழிகுழியாக இருக்கும், மறுபக்கம் நுண்ணிய சொரசொரப்போடு இருக்கும். பிள்ளை முகத்துக்கு இரண்டாவது பக்கம்தான். தேன்கூட்டுப் பக்கத்தில் வரைந்துவிட்டுக் கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு போல் வந்துவிட்டதே என்று வருந்துபவர்கள் நிறைய. பேஸ்டல்மேட் என்ற தாள் கிடைத்தால் இன்னும் நல்லது, பூச்சுகளை அடுக்க அடுக்கத் தாங்கும். பழகிப் பார்க்க ஹார்டுவேர் கடையின் நைஸான உப்புத்தாள்கூடப் போதும். நாள்பட நிற்காது, விரல் நுனியையும் தேய்த்துவிடும்.

வெள்ளைத் தாள் வேண்டவே வேண்டாம். வெள்ளையில் வைக்கும் முதல் பழுப்புக் கோடு கன்னங்கரேலென்று தெரியும். உடனே கை பயந்து எல்லாவற்றையும் வெளுக்கத் தொடங்கும். மாநிறத்துக்கும் கருமைக்கும் பாசிப் பச்சை கலந்த சாம்பல் தாள் அருமையாக ஒத்துழைக்கும். அங்கங்கே தாளை மூடாமல் விட்டால் அதுவே தோலின் இடைநிழலாகிவிடும்.

வயதை அளப்பது

பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு ஏழில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சற்றுக் குறைவு. மண்டை முந்திக்கொண்டு வளர்கிறது, முகம் பின்னால் நிதானமாக வந்து சேர்கிறது. விழியோ பிறக்கும்போதே ஏறத்தாழ 17 மி.மீ. குறுக்களவு, பெரியவருக்கு 24 மி.மீ. அந்த வளர்ச்சியிலும் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். குழந்தையின் கண்கள் அத்தனை பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் கண் அல்ல. அதைச் சுற்றியுள்ள முகம் இன்னும் வளரவில்லை.

இதைத் தாளில் கொண்டுவர, உச்சந்தலைக்கு ஒரு கோடு, முகவாய்க்கு ஒரு கோடு, நடுவே பாதிக்கோடு. ஒரு வயதுக் குழந்தைக்குப் பாதிக்கோட்டில் வர வேண்டியது புருவம். கண், மூக்கு, வாய் மூன்றும் கீழ்ப்பாதிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். மூக்குத் தண்டு பள்ளமாகவும் நுனி மேல்நோக்கியும் இருக்கும். கழுத்து இருக்கிறதா என்று தேட வேண்டும். ஐந்தாறு வயதில் கண்கள் பாதிக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும், காதுகள் முகத்துக்குப் பெரிதாகத் தெரியும், கழுத்து சட்டென்று ஒல்லியாக எழும்பும். ஆறு ஏழு வயதில் பால்பற்கள் விழுந்து முளைக்கும் முன்பற்கள் பெரிய ஆளுக்கான அளவிலேயே முளைக்கும். முகம் அந்தப் பல்லுக்கு ஈடாக வளர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அந்தப் பொருந்தாமைதான் ஏழு வயதின் முத்திரை. அதைச் சரிசெய்ய நினைக்காதீர்கள்.

பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களைப் பேதை (5 முதல் 7), பெதும்பை (8 முதல் 11), மங்கை (12, 13), மடந்தை (14 முதல் 19) என்று பிரித்ததாகப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். மதிப்பெண்ணுக்காகப் படித்த அந்தப் பட்டியல் எனக்கு வரையும்போதுதான் பயன்பட்டது. எட்டு வயதையும் பதினொன்றையும் ஒரே பெயரில் அடக்கினாலும் பதினொன்றையும் பன்னிரண்டையும் பிரிக்கிறதே, அதைக் கவனியுங்கள். முகம் நீளத் தொடங்குவது அந்த வரம்பில்தான். ஆண்பிள்ளைகளுக்கு இந்த மாற்றம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு தாமதம். ஒரே வகுப்பில் படிக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணையும் பையனையும் ஒரே அளவுகோலில் வரைந்தால் ஒருவர் பொய்யாகிவிடுவார்.

புகைப்படமும் ஐந்து நிமிடமும்

குழந்தை உங்களுக்காக அசையாமல் உட்காராது. போலந்து ஓவியர் ஸ்தானிஸ்வாவ் விஸ்பியான்ஸ்கி (1869–1907) தன் பிள்ளைகளைப் பேஸ்டலில் பலமுறை வரைந்தார். அவற்றில் தூங்கும் குழந்தைகள் அடிக்கடி வருவதில் வியப்பில்லை. பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். நீங்களும் தூங்கும் பிள்ளையிலிருந்து தொடங்கலாம்.

விழித்திருக்கும் பிள்ளைக்குப் புகைப்படம் வேண்டும். காலை ஒன்பது மணிக்கு முன், திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழும்படி. உச்சி வெயிலில் கண்குழி இரண்டும் இருண்டுவிடும், பிளாஷ் போட்டால் முகம் தட்டையாகிவிடும். நின்றபடி குனிந்து எடுக்காமல் பிள்ளையின் கண் மட்டத்துக்குத் தரையில் உட்காருங்கள். கைபேசியை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெருத்து, காது பின்வாங்கும். இரண்டு மீட்டர் தள்ளி இருந்துகொண்டு பெரிதாக்கி எடுங்கள். "சிரி" என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் வருவது சிரிப்பல்ல, பல்.

பிறகு ஐந்து நிமிடம் பிள்ளையை நேரில் பார்த்து நிறக்குறிப்பு எடுங்கள். கன்னம், நெற்றி, தாடையின் கீழ், காது மடல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தீற்றல். கேமரா நிழலைக் கருப்பாக்கிவிடும். அந்த நிழலுக்குள் இருந்த ஊதாவையும் பச்சையையும் உங்கள் கண் மட்டுமே பார்த்திருக்கும்.

கோடு, பிறகு மூன்று நிழல்

30×40 செ.மீ. தாளில் தலை 16 முதல் 18 செ.மீ. உயரம் இருக்கட்டும். அதைவிடச் சிறிதானால் கண்ணுக்குள் கட்டி நுழையாது. வெளிக்கோட்டைப் பழுப்புப் பேஸ்டல் பென்சிலாலோ கரிக்குச்சியாலோ போடுங்கள். சாதாரணப் பென்சில் ஆகாது. அதன் வழவழப்பின்மேல் பேஸ்டல் பிடிக்காது.

அடுத்து, கண்களைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். வெளிச்சம், இடைநிழல், ஆழ்நிழல் என மூன்றாகப் பிரியும். கெட்டிக் கட்டியைப் படுக்க வைத்து அந்த மூன்றை மட்டும் பூசுங்கள். கண், வாய் எதுவும் இப்போது வேண்டாம். இந்த நிலையில் இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் வயது தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அளவு தவறு. மேலே போகாமல் துடைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பின்னால் எத்தனை அழகாக இமை வரைந்தாலும் அது காப்பாற்றாது.

நிறம்: இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள்

பெட்டிகளில் தோல் நிறம் என்று ஒரு கட்டி இருக்கும், வெளிர் ரோஜா நிறத்தில். நம் பிள்ளைகளில் யாருடைய தோலும் அந்த நிறம் இல்லை. பழைய ஐரோப்பியப் பேஸ்டல் பாடங்களும் வெளிர்த்தோலுக்கு எழுதப்பட்டவை. அவற்றின்படி ரோஜாக் கன்னம் வைத்தால் நம் பிள்ளை நாடக மேடைக்கு ஒப்பனை போட்டதுபோல் ஆகிவிடும்.

நான் செய்வது இது. முதல் பூச்சு செங்காவி, அதன்மேல் நிழலில் அடர் ஊதா. ஊதா தனியே துருத்திக்கொண்டு நின்றால் மேலே பாசிப் பச்சையை மெல்ல இழுத்து அடக்குவேன். கருப்புக் கட்டியைத் தொடுவதில்லை. தாடையின் கீழே சட்டையின் நிறம் எதிரொளிக்கும். மஞ்சள் கவுன் போட்ட குழந்தைக்கு அங்கே ஒரு ஆரஞ்சு இருக்கும், தேடினால் கிடைக்கும். வெளிச்சப் பகுதியில் காவி மஞ்சள். கன்னத்துக்குச் செங்கல் நிறம், ரோஜா அல்ல. வாயைச் சுற்றியும் கண்ணுக்குக் கீழும் தோல் சற்றுக் கருத்திருப்பது நம்மிடையே இயல்பு. அதை வெளுத்தால் முகமூடி போலாகிவிடும்.

எண்ணெய் தேய்த்த நெற்றியிலும் மூக்கு நுனியிலும் மின்னும் ஒளியில் வெள்ளை இல்லை. ஜன்னல் வழியே வரும் வானம் அது; வெளிர் நீலம், அல்லது நீலம் ஓடிய ஊதா. செங்காவியின் மேல் அந்தக் குளிர்ந்த நிறத்தை ஒரே தொடுதலில் வைக்கும்போது தோல் உயிர்க்கிறது. எனக்கு இந்தக் கலையிலேயே பிடித்த நொடி அதுதான்.

"கொஞ்சம் சிவப்பாகப் போட்டுக் கொடுங்கள்" என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்காதவர்கள் குறைவு. நான் நிறத்தை மாற்றுவதில்லை, வெளிச்சத்தைக் கூட்டித் தருகிறேன் என்று சொல்லி ஜன்னல் பக்கத்தை இன்னும் ஒளியாக்குவேன். இதுவரை யாரும் சண்டைக்கு வரவில்லை.

விளிம்பு, கண், வாய், முடி

குழந்தை முகத்தில் எலும்பு வெளியே தெரியாது. கன்னம் எங்கே முடிந்து பின்னணி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி விளிம்பைக் கரையவிடுங்கள். கூர்மை வேண்டியது இரண்டே இடத்தில்: மேல் இமையின் நிழல், இரு உதடும் சேரும் கோடு. லண்டன் நேஷனல் காலரியில் பிரெஞ்சு ஓவியர் ழான்-பத்திஸ்த் பெரோனோ 1743இல் வரைந்த, பூனைக்குட்டியை ஏந்திய சிறுமியின் பேஸ்டல் படம் இருக்கிறது. இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். எந்த விளிம்பு கூர்மை, எது மங்கல் என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். ஒரு வகுப்புக்குச் சமம்.

விஸ்பியான்ஸ்கி இந்த விதியைச் சட்டை செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய பிள்ளைகளுக்கு நெளிநெளியான அடர்ந்த வெளிக்கோடு உண்டு. இருந்தும் குழந்தைகளாகவே இருக்கிறார்கள். அளவு சரியாக விழுந்துவிட்டால் மற்ற விதிகளை மீறலாம் என்பதற்கு அவர் சாட்சி.

விரலால் தேய்ப்பது முதல் பூச்சோடு நிற்கட்டும். தேய்க்கத் தேய்க்கத் தூள் அமுங்கி, ஒளி செத்து, பிளாஸ்டிக் பொம்மையின் முகம் வரும். இரண்டாம் பூச்சிலிருந்து கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, பார்ப்பவரின் கண் கலந்துகொள்ளட்டும்.

கண்ணின் வெண்படலம் குழந்தைக்கு நீலம் ஓடிய சாம்பல். மேல் இமையின் நிழல் அதன்மேல் விழ வேண்டும். விழாவிட்டால் விழி பிதுங்கித் தெரியும். இமை முடிகளை ஒவ்வொன்றாக எண்ணி நட வேண்டாம், ஒரு கருநிற இழுப்பு போதும். மை தீட்டிய குழந்தையானால் கீழிமையில் மை கொஞ்சம் கலைந்திருக்கட்டும், எப்போதும் கலைந்துதானே இருக்கிறது! கண்ணொளிப் புள்ளி கடைசி நாளில், ஒரே ஒருமுறை.

பற்களுக்கு இடையே கோடு போட்டீர்களோ, குழந்தைக்குக் கிழப்பல் வந்துவிடும். பல்வரிசை மொத்தமும் ஒரே வெளிர்சாம்பல் பட்டை. விழுந்த பல்லின் இடம் மட்டும் அடர்சிவப்பு. கருப்பு அல்ல, உள்ளே நாக்கு இருக்கிறது.

எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை ஒரே திரள். நீலக் கருமையில் பூசிவிட்டு, வகிட்டருகே ஒளிப்பட்டை ஒன்று. நெற்றியோரத்தில் எந்தச் சீப்புக்கும் அடங்காத பூனைமுடிகளைப் பென்சில் நுனியால் ஐந்தாறு இழுங்கள். மொட்டையடித்து இரண்டு வாரமான தலைக்கு, தோலைப் பூசி முடித்தபின் சாம்பல் நீலத்தைக் காற்று போல் தடவினால் முளைவிடும் முடி வந்துவிடும். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைப் பின்னணிக்கும் முன்பே வைத்துவிடாதீர்கள், கை பட்டு முகமெல்லாம் பரவும். எனக்குப் பரவியிருக்கிறது.

அரும்பு மீசையின் சிக்கல்

அக்கா மகனுக்குப் பதினான்கு. வரைகிறேன் என்றதும் ஒத்துக்கொண்டான், ஒரு நிபந்தனையோடு: "மாமா, மீசையைக் கொஞ்சம் அடர்த்தியாகப் போடுங்கள்." அவன் அறைக்குள் போனதும் அக்கா வந்து தாழ்ந்த குரலில், "மீசையே வேண்டாம் தம்பி, பால்முகமாக வரை" என்றாள். இருவர் கேட்டதும் பொய். ஒருவனுக்கு வராத வயது வேண்டும், இன்னொருத்திக்குப் போய்விட்ட வயது வேண்டும். ஓவியனுக்கு மேலுதட்டில் இருப்பதை வரைவதே போதுமான வேலை.

அதற்கு வழி: மேலுதட்டின் தோலைப் பூசி முடியுங்கள். பச்சை ஓடிய சாம்பல் பென்சிலைப் படுக்க வைத்து, உதட்டோரங்களில் சற்றுக் கூடுதலாகவும் நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமலும் நிழல் கொடுங்கள். அதன்மேல் தோல் நிறத்தை இன்னொரு முறை மெல்லியதாக இழுங்கள். மீசை தோலுக்கு அடியிலிருந்து வருவதுபோல் தெரியும். முடியாக ஒரு கோடுகூட வேண்டாம். அவன் படத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கிறது, ஆனால் தெரியவில்லை" என்றான். அதுதான் பதினான்கு.

இந்த வயதில் முகத்தின் உறுப்புகள் ஒரே நாளில் ஊர் போய்ச் சேர்வதில்லை. மூக்கு முன்னே ஓடிவிடும், தாடை பின்தங்கும், புருவம் திடீரென அடர்ந்துவிடும், கன்னத்தில் மட்டும் குழந்தை இன்னும் குடியிருக்கும். ஆகவே விளிம்பையும் சமமாக நடத்தாதீர்கள்: மூக்குத் தண்டும் புருவ எலும்பும் கூர்மையாகட்டும், கன்னம் கரையட்டும். பருவைப் பற்றி அவர்களிடமே கேளுங்கள். மூன்று நாளில் போகும் பருவை விட்டுவிடலாம், வழக்கமாக இருக்கும் சிவப்பைச் செங்கல் நிறத்தில் லேசாக வைக்கலாம். பல்லில் கிளிப் போட்டிருந்தால் வாயை மூடச் சொல்லாதீர்கள். மூட நினைத்தும் முழுதும் மூடாத அந்த உதடு கிடைத்தால் விடாதீர்கள்.

நேராகப் பார்க்கச் சொன்னால் விடலைகள் விறைத்துக்கொள்வார்கள். கையில் எதையாவது கொடுத்து, பார்வையைச் சற்றே விலகவிடுங்கள். சுவிஸ் ஓவியர் ழான்-எத்தியென் லியோத்தார் 1754இல் வேல்ஸ் இளவரசியின் பிள்ளைகளைப் பேஸ்டலில் வரைந்தார். அவர்களில் ஐந்து வயது லூயிசா ஆன் படத்தில் உடை தோளிலிருந்து நழுவுகிறது, முகத்தில் களைப்பு. இளவரசி என்பதற்காக யாரும் அவளை நிமிர்ந்து உட்காரச் சொல்லவில்லை போலிருக்கிறது.

பெண்பிள்ளைகளை வரையும்போது இன்னொரு எச்சரிக்கை. மஞ்சள் நீராட்டு விழா பிளெக்ஸ்களைப் பார்த்திருப்பீர்கள்: பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகத்தைக் கணினியில் வெளுத்து, உதட்டைச் சிவப்பாக்கி, மணப்பெண்ணாக நிறுத்தியிருப்பார்கள். அந்தப் படத்தைக் கொண்டுவந்து இதைப் பார்த்து வரையுங்கள் என்றால் மறுத்துவிடுங்கள். பள்ளிவிட்டு வந்து பையைக் கழற்றிய நேரத்தில் எடுத்த ஒரு படத்தைக் கேளுங்கள். எந்த விடலையின் படத்தையும் வெளியில் பகிரும் முன் பெற்றோரை மட்டுமல்ல, அவர்களையும் கேளுங்கள்.

நிறுத்துவது, தூள், சட்டம்

அமெரிக்க ஓவியர் மேரி கசாட் (1844–1926) வரைந்த பல பேஸ்டல்களில் பிள்ளையின் முகம் பொறுமையாக முடிக்கப்பட்டிருக்கும், உடையோ நாலைந்து வேகமான கீறல்களோடு நின்றுவிடும். துணிவு இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை, ரிப்பனின் மடிப்பைத் தேடிப் போய்விடுகிறேன்.

வரையும்போது மின்விசிறியை அணைத்துவிடுங்கள், வியர்த்தாலும் சரி. தூளை வாயால் ஊதாமல் தாளைச் சாய்த்துத் தட்டுங்கள். சில நிறமிகளில் காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் உண்டு. என்95 முகக்கவசம் நல்லது. தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கட்டிகள் சாக்பீஸ் போல இருப்பதால் தவழும் குழந்தைகள் நேராக வாய்க்குக் கொண்டுபோவார்கள். பெட்டி உயரத்தில் இருக்கட்டும்.

தூள் உதிராமல் பிடித்துவைக்கத் தெளிக்கும் திரவமான பிக்சட்டிவைத் தெளித்தால் வெளிர் நிறங்கள் மங்கும், நெற்றியில் வைத்த அந்த நீல ஒளி முதலில் போகும். இடைப் பூச்சுகளுக்கு லேசாகத் தெளிக்கலாம். கடைசிப் பூச்சுக்கு வேண்டாம். பிரேம் கடையில் அக்ரிலிக் போட்டால் எடை குறைவு என்பார்கள். மறுத்துவிடுங்கள், அதில் உண்டாகும் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும். கண்ணாடிதான் வேண்டும், அதுவும் படத்தைத் தொடக் கூடாது. நடுவே மவுண்ட் அட்டை வைத்து 3, 4 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். கடற்கரை ஊர்களில் ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். மழைச்சாரல் படும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில், நேர்வெயில் விழாத இடத்தில் மாட்டுங்கள்.

தாளின் பின்புறத்தில் பென்சிலால் பிள்ளையின் வயதை மாதக்கணக்கோடு எழுதுங்கள்: 6 வயது 4 மாதம் என்பதுபோல. இதை முதல் கோடு போடும் முன்பே செய்துவிட வேண்டும். மறந்துவிட்டால், முடித்த படத்தைக் குப்புறப் போட்டு எழுதப் பார்க்காதீர்கள், சட்டத்தின் பின்னட்டையில் எழுதிக்கொள்ளலாம்.